வீட்டுத் துணிகளும் சுங்கவரிப் பட்டியலும்

சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் புறப்படும் தமிழர்களில் பெரும்பாலோர் சூளூர்பேட்டையைக் கடந்தே செல்கின்றனர். காளங்கி ஆற்றங்கரையில், பழவேற்காட்டு ஏரியின் மேற்கே அமைந்துள்ள இச்சிற்றூர், 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறக்கும் வரை சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்குகிறது. ஏரியின் குறுக்கே ஸ்ரீஹரிகோட்டாவுக்குச் செல்லும் சாலை இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பதால், இன்று இவ்வூரைச் சொன்னால் விண்வெளிக் கலங்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்த ஏரிக்கரையிலிருந்து உலகத்துக்குச் சென்ற பொருள்களில் முதன்மையானது ராக்கெட்டு அன்று; துணி. அத்துணிகள் அயல்நாட்டுத் துறைமுகங்களில் என்ன பெயரால் பதியப்பட்டன, அப்பெயரால் யார் வாழ்ந்தனர், யார் தாழ்ந்தனர் என்பதை அறிந்தால், வறண்டதாகத் தோன்றும் சுங்கவரிப் பட்டியலுக்குள்ளும் மக்கள் வாழ்க்கை அடங்கியிருப்பதை உணரலாம்.

முதலில் பழங்கதையைச் சிறிது பார்ப்போம். ஏரியின் தெற்கு முனையிலுள்ள பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். கிழக்கிந்தியத் தீவுகளில் மிளகும் சாதிக்காயும் வாங்க வேண்டுமானால், அங்குள்ள மக்கள் விரும்பிக் கேட்ட சோழமண்டலத் துணியைக் கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. சூளூர்பேட்டைக்கு வடக்கே, கடற்கரையில் துர்க்கராஜபட்டினத்தில் ஆங்கிலேயர் 1626-இல் ஒரு பண்டசாலை நிறுவினர். அவர்கள் ஏடுகளில் அது ஆர்மகான் எனப்படும். அங்கே அதிகாரியாக இருந்த பிரான்சிஸ் டே என்பவர்தாம், துணி இன்னும் மலிவாகக் கிடைக்கும் இடம் தேடித் தெற்கே வந்து, 1639-இல் சென்னப்பட்டினத்துக்கு வித்திட்டவர். சென்னை மாநகரம் எழுந்ததற்கு இப்பகுதியின் துணி வாணிகமும் ஒரு காரணம் என்றால் மிகையாகாது.

பழவேற்காட்டுத் துணியின் பெயர் இன்றும் பல மொழிகளில் வழங்குகிறது. மலாய் மக்கள் தங்கள் கட்டம் போட்ட கைலியைப் ‘பெலிக்காட்’ துணி என்கின்றனர். மெக்சிகோ நாட்டார் கழுத்தில் கட்டும் கைக்குட்டையைப் ‘பாலியாகாத்தே’ என்கின்றனர். இரண்டும் பழவேற்காடு என்னும் ஊர்ப்பெயரின் திரிபுகளே. ஊர் சிறுத்துவிட்டது, பெயர் கடல் கடந்து நிலைத்துவிட்டது.

இத்துணிகள் இங்கிலாந்தில் இறங்கியபோது நிகழ்ந்தது என்ன? அந்நாட்டுக் கம்பளி நெசவாளரும் பட்டு நெசவாளரும் தங்கள் தொழில் நசிகிறது என்று முறையிட்டனர். அதன்மேல் 1700-இல் ஒரு சட்டம் பிறந்தது. அச்சடித்த, ஓவியம் தீட்டிய, சாயம் ஏற்றிய கீழைநாட்டுப் பருத்தித் துணிகளை அந்நாட்டில் பயன்படுத்தலாகாது. ஆனால் வெள்ளைத் துணியும் மஸ்லினும் வரலாம் என்று அது வகுத்தது. வெள்ளைத் துணி வரலாம் என்றதும், அதனை வாங்கி அங்கேயே அச்சடிக்கும் தொழில் வளர்ந்தது. அதனையும் அடைக்க 1721-இல் மற்றொரு சட்டம் இயற்றினர். இம்முறை உடுக்கும் ஆடையோடு நிறுத்தவில்லை. கட்டில், நாற்காலி, திண்டு, சன்னல் திரை முதலிய வீட்டுப் பொருள்களிலும் அச்சடித்த பருத்தித் துணி கூடாது என்று தடுத்தனர். மஸ்லினுக்கும் நீலச்சாயம் ஒன்றே தோய்த்த துணிக்கும் விலக்கு இருந்தது. 1774-இல் தங்கள் நாட்டுப் பருத்தித் துணிக்கு மட்டும் தடையை நீக்கியபோது, அதனை அடையாளம் காண ஓரத்தில் மூன்று நீல இழைகள் ஓடவேண்டும் என விதித்தனர்.

இதில் நாம் கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்று. வெள்ளையா, அச்சடித்ததா? மஸ்லினா, முரட்டுத் துணியா? உடையா, திரையா? இக்கேள்விகள் நெசவின் அழகைப் பற்றியவை அல்ல. எந்தப் பெயரின்கீழ் எழுதுவது என்பதைப் பற்றியவை. எங்கோ ஒரு சுங்கச் சாவடியில் எழுதப்பட்ட ஒரு சொல், ஆயிரக்கணக்கான காதத்துக்கு இப்பால் ஒரு தறி ஓடுமா, நிற்குமா என்பதைத் தீர்மானித்தது.

நம் நாட்டிலும் இத்தகைய வரம்பு வகுக்கப்பட்டதுண்டு. 1894-இல் இந்திய அரசு இறக்குமதித் துணிக்கு நூற்றுக்கு 5 வரி விதித்தபோது, இந்திய ஆலைகளின் 20-ஆம் நம்பருக்கு மேற்பட்ட நூலுக்கும் அதற்கு ஈடாகக் கலால் வரி சுமத்தியது. இலங்காஷயர் ஆலை முதலாளிகளுக்கு அதுவும் போதவில்லை. 1896-இல் நூலுக்கு வரி நீங்கி, இறக்குமதித் துணிக்கும் இந்திய ஆலைத் துணிக்கும் ஒருங்கே நூற்றுக்கு 3½ என்று ஆயிற்று. நாட்டு மக்களின் நெடுநாள் எதிர்ப்புக்குப் பின், 1925 டிசம்பரில் இந்தக் கலால் வரி நிறுத்தி வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஒழிந்தது.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். வணிகப் பொருள்களை ஒவ்வொரு நாடும் தன் மனம்போல் வகைப்படுத்தினால் குழப்பமே மிஞ்சும். ஆதலின் பிரசெல்ஸ் நகரில் தலைமையகம் கொண்ட உலகச் சுங்க அமைப்பு, ஒரு பொதுப் பட்டியலை வகுத்துத் தந்துள்ளது. ‘ஹார்மனைஸ்டு சிஸ்டம்’ எனப்படும் இதனை ஒத்திசைவுப் பட்டியல் எனலாம். இதற்கான உடன்படிக்கை 1983-இல் ஏற்பட்டு, 1988 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதற்கு முன்னரே, 1986-இல், தன் சுங்கவரிச் சட்டத்தின் அட்டவணையை இம்முறைக்கு மாற்றிக்கொண்டது. இன்று இருநூறுக்கு மேற்பட்ட நாடுகளும் பொருளாதாரப் பகுதிகளும் இப்பட்டியலைப் பின்பற்றுகின்றன. ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒரு முறை இது திருத்தப்படுகிறது.

பட்டியலின் அமைப்பு எளியது. பொருள்கள் அனைத்தும் அத்தியாயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் அத்தியாயத்தையும், நான்கு இலக்கங்கள் தலைப்பையும், ஆறு இலக்கங்கள் துணைத்தலைப்பையும் குறிக்கும். ஆறு இலக்கம் வரையில் எல்லா நாட்டுக்கும் பொது. இந்தியா மேலும் இரண்டு இலக்கம் சேர்த்து எட்டாக வைத்திருக்கிறது. 50 முதல் 63 வரையுள்ள அத்தியாயங்கள் நூலுக்கும் துணிக்கும் உரியவை. 52 பருத்தி, 54, 55 செயற்கை இழைகள், 57 தரைவிரிப்பு, 61, 62 உடைகள், 63 தைத்து முடித்த ஏனைய பொருள்கள். நம் வீட்டுத் துணிகளிற் பல இந்த 63-ஆம் அத்தியாயத்திலேயே உறைகின்றன.

அவ்வத்தியாயத்துள் நுழைந்து பார்ப்போம். போர்வை, கம்பளி எல்லாம் 63.01. படுக்கை விரிப்பு, தலையணை உறை, மேசை விரிப்பு, குளியலறைத் துவாலை, சமையலறைத் துணி ஆகியவை 63.02. சன்னல் திரையும் வாயில் திரையும் 63.03. கட்டிலின்மேல் அழகுக்காகப் போர்த்தும் மேல்விரிப்பு, சோபாத் திண்டின் உறை, கொசுவலை முதலியன 63.04. தரை துடைக்கும் துணியும் தூசி தட்டும் துணியும் 63.07. ஆக, தலையணை உறை ஒரு தலைப்பு. திண்டு உறை வேறு தலைப்பு. படுக்கை விரிப்பு ஒன்று, மேல்விரிப்பு மற்றொன்று. உள்ளே பஞ்சு அடைத்த தலையணையும் மெத்தையும் ரஜாயும் துணி அத்தியாயங்களிலேயே இல்லை. நாற்காலி, மேசைகளோடு சேர்ந்து 94.04 என்னும் தலைப்பில் இருக்கின்றன.

நம் ஊர்ப் பொருள்களை எடுத்துக்கொண்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். பவானி ஜமக்காளம் 57-ஆம் அத்தியாயத்தைச் சேர்ந்த தரைவிரிப்பு. அதனை ஒருவர் சுவரில் அழகாகத் தொங்கவிட்டாலும் அது தரைவிரிப்பே. விரிப்பின் இயல்பு உடையதாயின், வேறு பயனுக்கு வைத்திருந்தாலும் அங்கேயே சேரும் என்று அவ்வத்தியாயத்தின் குறிப்பே கூறுகிறது. தேங்காய் நார் விரிப்பும் 57-ஆம் அத்தியாயத்தில்தான். ஆனால் பத்தமடைக் கோரைப் பாய் அங்கே இல்லை. கோரை நூலாக நூற்கப்படாமல் பின்னப்படும் பொருளாதலால், அது 46-ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடுகிறது. குளியலறையில் தொங்கும் பிளாஸ்டிக் தாள் திரையோ, பிளாஸ்டிக் சாமான்களோடு 39-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. பயன் ஒன்றாயினும் பிறப்பு வேறு என்றால் இடமும் வேறு.

பருத்தித் துவாலையிலும் இருவகை உண்டு. வளைய இழைகள் எழுந்து நிற்கும் பூத்துவாலைக்கு 6302.60 என்னும் தனித் துணைத்தலைப்பு இருக்கிறது. உடல் துடைக்க நாம் வைத்திருக்கும் சாதாரண ஈரிழைத் துண்டுக்கு அங்கே இடமில்லை, அது 6302.91 ஆகும்.

இவ்வளவு பொருள்களையும் சரியான இடத்தில் வைப்பதற்குப் பொது விதிகள் ஆறு உள்ளன. அவற்றுள் தலையாயது முதல் விதி: தலைப்பின் சொற்களும், பிரிவுக்கும் அத்தியாயத்துக்கும் தரப்பட்டுள்ள குறிப்புகளுமே முடிவு செய்யும். அவை போதாவிடத்துத்தான் மற்ற விதிகள் வரும். இரண்டு தலைப்புகள் பொருந்துமானால், பொதுவாகச் சொல்வதைவிடக் குறிப்பாகச் சொல்லும் தலைப்பே மேல். பல பொருள்கள் சேர்ந்த கலவையானால், அதற்கு உயிர்நாடியான இயல்பைத் தருவது எது என்று பார்க்க வேண்டும். அதுவும் தெரியாவிடின், எண் வரிசையில் கடைசியாக வரும் தலைப்பை எடுத்துக்கொள்ள வேண்டும்.

துணியைப் பொறுத்த மட்டில் மூன்று கேள்விகளை மனத்தில் இருத்தினால் பெரும்பாலும் வழி தெரிந்துவிடும்.

முதற் கேள்வி: இது வெறும் துணியா, முடித்த பொருளா? தானிலிருந்து நீள்சதுரமாக வெட்டிய துண்டு, வெட்டியதனால் மட்டும் முடித்த பொருள் ஆகிவிடாது. அது துணியாகவே 52 முதலிய அத்தியாயங்களில் நிற்கும். ஓரம் மடித்துத் தைத்திருந்தாலோ, குஞ்சம் முடிந்திருந்தாலோ அது முடித்த பொருள். இழை பிரியாமலிருக்க வெட்டிய ஓரத்தில் எளிதாக இட்ட தையல் மட்டும் போதாது. தறியிலேயே முழுமையாக நெய்யப்பட்டு, இடையிலுள்ள பிரிப்பு இழையை வெட்டினாற் போதும் என்று இருக்கும் துண்டுகள், தையல் இல்லாவிடினும் முடித்த பொருளே. நம் வேட்டியும் சேலையும் இந்தியப் பட்டியலில் பருத்தித் துணிக்குரிய 52.08 போன்ற தலைப்புகளின்கீழ், உடை அத்தியாயத்துக்கு வெளியே இடம்பெற்றிருப்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அதே 52.08-இன்கீழ் ‘ரியல் மெட்ராஸ் ஹாண்ட்கர்ச்சீப்’ என்றும், சலவையில் சாயம் இறங்கும் ‘பிளீடிங் மெட்ராஸ்’ என்றும் தனி வரிகள் இருக்கின்றன. சோழமண்டலத் தறிகளின் பழம்பெயர் இன்றைய சட்ட ஏட்டிலும் வாழ்கிறது.

இரண்டாம் கேள்வி: இழை எது? கலப்புத் துணியில் எடையால் எது மிகுதியோ அதுவே கணக்கு. நூற்றுக்கு 60 பாலியஸ்டரும் 40 பருத்தியும் கலந்த படுக்கை விரிப்பை, கடைக்காரர் ‘காட்டன்’ என்று விற்கலாம். சுங்க அதிகாரிக்கு அது செயற்கை இழை. சரிபாதியாக இருந்தால்? வரிசை எண்ணில் கடைசியாக வரும் இழை எனக் கொள்ள வேண்டும். பருத்தி 52, செயற்கை இழை 54, 55. ஆதலின் அதுவும் செயற்கை இழையே. கண்ணால் பார்த்தோ கையால் தடவியோ இதை அறிய முடியாது. ஐயம் எழுமானால் மாதிரி எடுத்து ஆய்வுச்சாலைக்கு அனுப்புகின்றனர்.

மூன்றாம் கேள்வி: எப்படிச் செய்தது? தறியில் நெய்ததா, பின்னலாடை இயந்திரத்தில் பின்னியதா, அச்சடித்ததா, அடிக்காததா? படுக்கை விரிப்பில் மட்டும் இந்த வேறுபாடுகளால் துணைத்தலைப்புகள் பல பிரிகின்றன. 1700-இல் கேட்ட ‘அச்சடித்ததா?’ என்னும் கேள்வியை இன்றைய பட்டியலும் கேட்கிறது என்பது நோக்கத்தக்கது.

இவ்வளவு நுட்பமும் வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. இதில் பணமும் தொழிலும் அடங்கியுள்ளன. அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்வோம். ‘ஸ்னக்கி’ என்பது கை நுழைக்கும் சட்டைக்கை இரண்டு வைத்த, முதுகுப்புறம் திறந்த ஒரு போர்வை. கைகள் இருப்பதால் இது உடையே என்று சுங்கத் துறையினர் 14.9 விழுக்காடு வரி கேட்டனர். இறக்குமதியாளரோ இது போர்வை, 8.5 விழுக்காடே என்றனர். 100 டாலர் சரக்குக்கு 6 டாலர் 40 சென்ட் வேறுபாடு. இலட்சக்கணக்கில் விற்கும் பொருளுக்கு அது பெருந்தொகை. 2017 பிப்ரவரியில் அந்நாட்டுப் பன்னாட்டு வாணிக நீதிமன்றம், இது போர்வையே என்று தீர்ப்பளித்தது.

நம் உச்ச நீதிமன்றமும் இத்தகைய வழக்குகளைக் கேட்டிருக்கிறது. காருக்குள் போடும் துணி விரிப்பு, காரின் உறுப்பா, தரைவிரிப்பா? கலால் வரி தொடர்பான யூனி புராடக்ட்ஸ் வழக்கில் இக்கேள்வி எழுந்தது. காரில் மட்டுமே பயன்படினும் அது 57.03-இல் அடங்கும் தரைவிரிப்பே என்று 2020 மே முதல் நாள் தீர்ப்பாயிற்று. அதற்கு முன்னரே, 1975-இல் டன்லப் நிறுவன வழக்கில், சட்டம் பொருள் வரையறுக்காத சொல்லுக்கு அவ்வணிகத்தில் ஈடுபட்டோர் கொள்ளும் பொருளையே கொள்ள வேண்டும் என்றும், பொருந்தும் தலைப்பு ஒன்று இருக்க, ‘ஏனையவை’ என்னும் மிச்சத் தலைப்பில் பொருளைத் தள்ளிவிடலாகாது என்றும் அந்நீதிமன்றம் நெறி வகுத்தது.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இதனால் ஆவதென்ன என்று வினவலாம். மும்பையிலும் கொல்கத்தாவிலும் சூரத்திலும் துணி வாணிகம் செய்வோர் நம்மவருள் உண்டு. துறைமுக நகரங்களில் சுங்க முகவர் அலுவலகங்களில் எழுத்தராய் இருப்போரும் உண்டு. 2011 முதல் நம் நாட்டில் இறக்குமதியாளரே தம் சரக்கை வகைப்படுத்தி, வரியைக் கணித்து, நுழைவுச் சீட்டில் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே, தலைப்பைத் தவறாக எழுதினால் பொறுப்பு எழுதியவருடையதே. குறைந்த வரிக்காக வேண்டுமென்றே மாற்றி எழுதினால், வரியும் வட்டியும் தண்டமும் வந்து சேரும்; சரக்கு பறிமுதலாகவும் கூடும். உள்ளபடியே ஐயம் இருந்தால் சரக்கு வருமுன்னரே முன்தீர்ப்புக் கேட்டுப் பெற வழி இருக்கிறது. இதற்கான சுங்க முன்தீர்ப்பு ஆணையங்கள் 2021 முதல் தில்லியிலும் மும்பையிலும் இயங்குகின்றன.

வரி விகிதம் மாறிக்கொண்டே இருக்கும். 2018 ஆகஸ்டில் மத்திய அரசு முந்நூறுக்கு மேற்பட்ட துணிப் பொருள்களுக்கு இறக்குமதி வரியை 10-லிருந்து 20 விழுக்காடாக உயர்த்தியது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் ஒன்பது வகைப் பின்னல் துணிகளுக்கு, 20 விழுக்காடு அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், இவற்றுள் எது மிகுதியோ அது என்று விதித்தது. மதிப்பைக் குறைத்துக் காட்டி வரும் மலிவுச் சரக்குக்கு, எடையின்மேல் வைக்கும் வரியே அணையாகும். இந்த அணை எந்தத் தலைப்பில் கட்டப்பட்டிருக்கிறதோ, அதற்குப் பக்கத்துத் தலைப்பில் சரக்கை எழுதி நுழைக்க முயல்வோர் உண்டு. அது நடந்தால் இழப்பு அரசின் கருவூலத்துக்கு மட்டும் அன்று. ஈரோட்டிலும் கரூரிலும் சென்னிமலையிலும் விரிப்பும் துண்டும் நெய்வோரின் அடுப்பிலும் அது தெரியும்.

பழைய துணியைப் பற்றியும் ஒரு சொல். உடுத்துத் தேய்ந்த ஆடைகளும் பயன்படுத்திய விரிப்புகளும், மூட்டை மூட்டையாக வருமாயின், அவை 63.09. கந்தல் துணி 63.10. முன்னதை இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும். மீண்டும் உடுத்த இயலாதபடி கிழித்துச் சிதைத்த கந்தலுக்கு அத்தடை இல்லை. ஆகவே ‘கந்தல்’ என்று எழுதப்பட்ட மூட்டையில், கிழியாத நல்ல சட்டைகள் இருக்கின்றனவா என்பதே அங்குச் சோதனை.

இறுதியாக, வாணிகம் செய்யாத குடும்பத்தாருக்கும் பயன்படும் ஒரு செய்தி. வளைகுடா நாட்டிலிருந்து திரும்பும் உறவினர் கனத்த போர்வை ஒன்றைப் பயண மூட்டையில் கொண்டு வருகிறார். அதற்கு 63.01 பார்க்க வேண்டுமா? வேண்டியதில்லை. பயணியின் உண்மையான பயண மூட்டைப் பொருள்களுக்கு, 98.03 என்று ஒரே தலைப்பு இருக்கிறது. மூட்டைக்குள் போர்வை இருந்தாலும் பூத்துவாலை இருந்தாலும் இழையை எண்ண மாட்டார்கள். விலக்குத் தொகையைக் கடந்த மதிப்புக்கு மட்டுமே வரி. அஞ்சலில் வரும் சொந்த உபயோகப் பொருளுக்கும் 98.04 என்று தனித் தலைப்பு உண்டு. ஆனால் அதே போர்வை ஐம்பது வந்தால், அது மூட்டை அன்று, சரக்கு; பட்டியல் முழு வலிமையோடு அதன்மேல் பாயும். விலக்குத் தொகை அவ்வப்போது திருத்தப்படுவதால், உறவினர் புறப்படுமுன் நடைமுறையிலுள்ள விதியைக் கேட்டறிவது நலம்.

துணியின் ஓரத்தைப் பார்க்கவும், இழையின் எடையைக் கேட்கவும், நெய்ததா பின்னியதா என்று வினவவும் பழகிக்கொண்ட வணிகர் ஏமாற மாட்டார். பிறரை ஏமாற்றவும் வேண்டியிராது. பெயரைச் சரியாக எழுதுவது நேர்மை மட்டும் அன்று. தறியில் அமர்ந்திருப்பவருக்கு நாம் செய்யும் காவலும் ஆகும்.